குருத்தெலும்பைக் கரைப்பது யார்?

முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு வருபவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தேய்மானமாம்." அந்தச் சொல்லோடு ஒரு படமும் மனசில் ஒட்டிக்கொள்கிறது. ஓட ஓட டயர் தேய்வதைப் போல, நடக்க நடக்க முட்டியும் தேய்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் நடையைக் குறைக்க வேண்டும். நோயாளிக்குப் பெரிய கெடுதல் செய்வது இந்த முடிவுதான். தேய்மானம் என்று சொல்லப்படும் ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் என்ற மூட்டு நோயில், எலும்பு முனையை மூடிய குருத்தெலும்பு உராய்ந்து போவதைவிட, நொதிகளால் வெட்டுப்பட்டு உள்ளிருந்தே கரைவதுதான் முக்கியமான சேதம். அந்த நொதிகளில் பெரும்பங்கைச் சுரப்பவை குருத்தெலும்பின் சொந்தச் செல்களே. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 59.5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அத்தனை பேரின் மூட்டிலும், கட்டிக் காக்க வேண்டிய செல்லே இடிக்கத் தொடங்கியது ஏன் என்பதுதான் கேள்வி.

சூப்புக்கு வெட்டி வாங்கிய ஆட்டுக்காலில் மூட்டு விரியும் முனையைப் பாருங்கள். நீலம் கலந்த வெண்மையில், ஈரமாக, பளிங்குபோல ஓர் உறை மினுங்கும். விரலால் தடவினால் வழுக்கும். நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்கி மீளும். அதுதான் மூட்டுக் குருத்தெலும்பு. மனித முழங்காலில் அதன் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர். முட்டிச் சில்லின் பின்புறம் இன்னும் தடிமனாக இருக்கும். எடையில் 65 முதல் 80 சதவீதம் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு இரண்டு பொருள்கள். ஒன்று, 2-ஆம் வகைக் கொலாஜன் இழைகளாலான வலை. இன்னொன்று, அந்த வலைக்குள் அடைபட்டிருக்கும் அக்ரிகான் என்ற பெரிய மூலக்கூறு.

அக்ரிகானைப் பாட்டில் கழுவும் பிரஷ் போலக் கற்பனை செய்யலாம். நடுத்தண்டு ஒரு புரதம். அதிலிருந்து காண்ட்ராய்ட்டின் சல்பேட் சங்கிலிகள் நூறு அளவில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சங்கிலியிலும் எதிர்மின்னூட்டம் நிறைந்திருப்பதால் அவை சோடியம் அயனிகளை இழுக்கின்றன. அயனிகளின் பின்னால் தண்ணீர் வருகிறது. தடுப்பில்லாமல் விட்டால் அக்ரிகான் ஊதி விரிந்துவிடும். கொலாஜன் வலையோ அதை முழு விரிவில் ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அடக்கி வைத்திருக்கிறது. ஊதத் துடிக்கும் அக்ரிகான், விடாமல் இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன்: இந்த இழுபறியால் குருத்தெலும்புக்குள் எந்நேரமும் ஓர் அழுத்தம் நிற்கிறது. கால் ஊன்றும் நொடியில் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே சிக்கிய தண்ணீரே.

இதையெல்லாம் பராமரிக்கும் செல்களின் பெயர் காண்ட்ரோசைட். வளர்ந்தவரின் குருத்தெலும்பில் அவை கனஅளவில் சுமார் 2 சதவீதம்தான். ரத்தக்குழாய் இல்லை, நரம்பு இல்லை, நிணநீர்க் குழாயும் இல்லை. சர்க்கரையும் ஆக்சிஜனும் மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும். அருகருகே செல்கள் ஒட்டியிருக்கும் தோலையோ ஈரலையோ போல இங்கே ஒரு செல் அடுத்த செல்லைத் தொட்டுச் செய்தி சொல்ல வழியில்லை. ஒவ்வொரு காண்ட்ரோசைட்டும் தன் குழிக்குள் தனியாக உட்கார்ந்து, சுற்றியிருக்கும் பொருளின் வழியாக வரும் தகவலை மட்டும் நம்பிப் பல பத்தாண்டுகள் வாழ்கிறது.

கொலாஜனுக்கும் அக்ரிகானுக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. அக்ரிகான் உடைந்தால் செல் புதிதாகச் செய்துகொள்ளும். சில வருடங்களில் அது மாறிக்கொண்டே வருகிறது. கொலாஜன் அப்படியில்லை. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை உயர்த்தின. எந்த ஆண்டில் உருவான திசு என்று அறிய அந்தக் கார்பனையே கடிகாரமாக வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் மனிதக் குருத்தெலும்பை அளந்தார்கள். 2016-ல் வெளியான முடிவு: கொலாஜன் வலை இளம்பருவத்துக்குள் நெய்து முடிக்கப்படுகிறது, அதற்குப் பிறகு ஏறக்குறைய மாறுவதே இல்லை. நோயுற்ற மூட்டிலும் அதே கதைதான். ஆகவே அக்ரிகான் இழப்பு செலவுக் கணக்கு என்றால், கொலாஜன் இழப்பு மூலதனத்திலேயே கை வைப்பது.

செல்லுக்குத் தகவல் எப்படி வருகிறது? முதல் வழி சுமை. ஒவ்வொரு காண்ட்ரோசைட்டைச் சுற்றியும் 6-ஆம் வகைக் கொலாஜனும் பெர்லிகான் என்ற புரதமும் கலந்த மெல்லிய உறை இருக்கிறது. கால் ஊன்றும்போது திசு அமுங்குகிறது, தண்ணீர் நகர்கிறது, செல்லின் வடிவமும் உப்புச் செறிவும் கணநேரம் மாறுகின்றன. இதை உணர செல் சவ்வில் அயனி வாயில்கள் உண்டு. மிதமான, விட்டு விட்டு வரும் அழுத்தத்துக்கு டிஆர்பிவி4 என்ற வாயில் திறந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது. செல் அதைக் கட்டுமான உத்தரவாக எடுத்துக்கொண்டு அக்ரிகானையும் கொலாஜனையும் செய்யும் மரபணுக்களை முடுக்குகிறது. காயப்படுத்தும் அளவுக்கு நசுங்கினால் பியசோ1, பியசோ2 என்ற வேறு வாயில்கள் திறக்கின்றன. அவற்றின் வழியாகப் பாயும் கால்சியம் செல்லைச் சாவின் பக்கம் தள்ளுகிறது. உள்ளே நுழைவது ஒரே கால்சியம்தான். எந்தக் கதவு வழியாக, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதை வைத்துச் செல் அதை இரண்டு எதிரெதிர் செய்திகளாகப் படிக்கிறது.

சுமையின் தாளமும் முக்கியம். ஆய்வகத்தில் குருத்தெலும்புத் துண்டை அசையாமல் அழுத்தி வைத்தால் அக்ரிகான் உற்பத்தி குறைகிறது. அதே துண்டை நடையின் வேகத்தை ஒட்டி, நொடிக்கு ஒரு முறை அளவில் மெல்ல அழுத்தி விட்டால் உற்பத்தி கூடுகிறது. சுமையே இல்லாவிட்டாலும் நிலைமை மோசம்தான்: தண்டுவடக் காயத்தால் கால் செயலிழந்தவர்களின் முழங்கால் குருத்தெலும்பு ஓரிரு ஆண்டுகளிலேயே மெலிவதை எம்ஆர்ஐ காட்டுகிறது. உராய்வே இல்லாத மூட்டு அது. தேய்மானப் படத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

இரண்டாவது வழி, உறைக்குள் சேமித்து வைக்கப்பட்ட வளர்ச்சிக் காரணிகள். எஃப்ஜிஎஃப்-2 என்ற புரதம் பெர்லிகானில் ஒட்டிக் காத்திருக்கிறது. திசு அமுங்கினாலோ வெட்டுப்பட்டாலோ உடனே விடுபட்டுச் செல்லைத் தொடுகிறது. டிஜிஎஃப்-பீட்டாவும் பூட்டிய நிலையில் திசு முழுவதும் கிடக்கிறது. அசைவும் சுமையும் அந்தப் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கின்றன. குருத்தெலும்புச் சமிக்ஞையில் மிக முக்கியமானதும் மிக எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்த டிஜிஎஃப்-பீட்டாதான்.

செல்லின் மேல் அதை வாங்கிக்கொள்ளும் இரண்டு ஏற்பிகள் இருக்கின்றன. ஆல்க்5 வழியாகப் போனால் ஸ்மாட்2, ஸ்மாட்3 என்ற தூதர்கள் கருவுக்குள் சென்று செல்லை அமைதியான, கட்டிக்காக்கும் நிலையில் வைத்திருக்கின்றன. ஆல்க்1 வழியாகப் போனால் ஸ்மாட்1, 5, 8 கிளம்பி, செல் பருத்து முதிரும் பாதையில் இறங்குகிறது. கொலாஜனை வெட்டும் எம்எம்பி-13 நொதி அந்தப் பாதையில்தான் வருகிறது. நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தது: வயதாக ஆக, ஆல்க்1-ஐ ஒப்பிட ஆல்க்5-இன் விகிதம் சரிகிறது. வருவது அதே புரதம். வாங்கும் கை மாறிவிடுகிறது. மனிதர்களிலும் சாட்சி உண்டு. ஸ்மாட்3 மரபணு பழுதான குடும்பங்களில் மகாதமனி வீக்கத்தோடு இளவயதிலேயே ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் வருவதை 2011-ல் ராட்டர்டாம் குழு விவரித்தது. அப்படியென்றால் டிஜிஎஃப்-பீட்டாவை ஊசியில் ஏற்றினால் போதுமே என்று தோன்றும். மூட்டுக்குள் அதை ஏற்றிய எலிகளுக்கு மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சைனோவிய உறை தடித்து இறுகியது. ஓரங்களில் எலும்பு முட்கள் முளைத்தன. குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பில் அது மிகுந்தாலே நோய் தூண்டப்படுகிறது என்றும் 2013-ல் எலிச் சோதனைகள் காட்டின. மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு திசுக்களில் ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு நஞ்சு.

இப்போது கெடும் கதைக்கு வருவோம். தொடக்கம் பல வகை: முழங்காலின் நடுவிலுள்ள ஏசிஎல் தசைநார் அறுந்தது, முழங்காலுக்குள் மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தது, கால் வளைவால் ஒரு பக்கமே சுமை விழுவது, உடல் எடை, வயது. எதில் தொடங்கினாலும் பாதை சீக்கிரமே ஒன்றுகூடுகிறது. காயப்பட்ட செல்லும் அழற்சியுற்ற சைனோவிய உறையும் ஐஎல்-1, டிஎன்எஃப் போன்ற எச்சரிக்கைப் புரதங்களை விடுகின்றன. அவை காண்ட்ரோசைட்டுக்குள் என்எஃப்-கப்பா பி என்ற பொது அபாயச் சங்கை ஊதுகின்றன. முதலில் வருவது அடாம்ட்ஸ்-4, அடாம்ட்ஸ்-5 என்ற கத்தரிகள். அவை அக்ரிகானின் நடுத்தண்டை 373, 374-ஆம் அமினோ அமிலங்களுக்கு இடையில் வெட்டுகின்றன. ஒரே வெட்டில் நூறு சங்கிலிகளும் கழன்று மூட்டுத் திரவத்துக்குள் மிதந்து போய்விடும். அவற்றோடு நீரைப் பிடிக்கும் மின்னூட்டமும் போகிறது.

இத்தனை வரைக்கும் மீட்சிக்கு வழி இருக்கிறது. மாட்டின் மூக்குக் குருத்தெலும்பை ஐஎல்-1, ஆன்கோஸ்டாட்டின்-எம் என்ற இரண்டு எச்சரிக்கைப் புரதங்களும் கலந்த திரவத்தில் ஊறவைத்தால், அக்ரிகான் முதல் சில நாட்களிலேயே வெளியேறிவிடும். கொலாஜன் கரைய இரண்டு வாரம் அளவில் ஆகும். இடைப்பட்ட அந்த நாட்கள்தான் திரும்பி வருவதற்கான அவகாசம். அக்ரிகான் நிறைந்திருக்கும்வரை அது கொலாஜனுக்குக் கவசமாகவும் இருக்கிறது. அது காலியானதும் எம்எம்பி-13 இழையை அணுகி, முக்கால்–கால் என்று இரண்டாக நறுக்குகிறது. இளம்பருவத்துக்குள் நெய்து முடித்த வலை அதன்பின் திரும்பாது.

வெட்டுப்பட்ட துண்டுகள் சும்மா போவதில்லை. ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தின் துண்டுகளும் குட்டையாகிப்போன ஹயலுரோனிக் அமிலமும், கிருமி வந்துவிட்டதைச் சொல்லும் டோல் வகை ஏற்பிகளிலேயே போய் உட்காருகின்றன. செல் இன்னொரு முறை சங்கை ஊதுகிறது; மேலும் கத்தரிகள், மேலும் துண்டுகள். முதல் காயம் ஆறிய பிறகும் நோய் தன் காலிலேயே நடக்கத் தொடங்குவது இந்தச் சுழலால்தான். ஏசிஎல் அறுந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளில் ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் வருவதற்கும், தசைநாரை அறுவையில் தைத்துச் சரிசெய்த பிறகும் அந்த ஆபத்து போதிய அளவு இறங்காததற்கும் இதில் விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

அடுத்து செல் தன் அடையாளத்தையே இழக்கிறது. குருத்தெலும்பாக இரு என்று சொல்லும் சாக்ஸ்9 புரதம் தளர்ந்து, எலும்பாக மாறு என்னும் ரன்எக்ஸ்2 புரதம் ஓங்குகிறது. குழந்தையின் வளரும் எலும்பு முனையில் நடக்க வேண்டிய நாடகம் அறுபது வயது முட்டியில் மறுபடி அரங்கேறுகிறது. செல் பருக்கிறது, 10-ஆம் வகைக் கொலாஜனைச் செய்கிறது, ரத்தக்குழாய்களை அழைக்கும் விஇஜிஎஃப்-ஐ விடுகிறது. அடி எலும்பிலிருந்து குழாய்கள் மேலேறுகின்றன. கூடவே நரம்பு இழைகளும். வலியே தெரியாத திசுவுக்குள் வலி நுழையும் வாசல்களில் இது ஒன்று. மற்றவை சைனோவிய உறையிலும் அடி எலும்பிலும் உள்ளன. அதனால்தான் எக்ஸ்ரே காட்டும் இடைவெளிக்கும் வலிக்கும் பல சமயம் பொருத்தமே இருப்பதில்லை.

உடல் எடையின் பங்கைச் சுமையாக மட்டும் பார்ப்பது போதாது. பருமனானவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளிலும் நோய் கூடுதலாக வருகிறது. விரலால் யாரும் நடப்பதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஃபர்ஷித் கிலாக் குழு கொழுப்புத் திசுவே இல்லாத எலிகளை வைத்து 2021-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. மெனிஸ்கஸைத் தளர்த்தியும் அவற்றின் முழங்கால் பெரிதாகக் கெடவில்லை. சிறிதளவு கொழுப்பைத் தோலுக்கடியில் பதித்ததும் நோய் திரும்பியது. பதித்த இடம் முழங்கால் அல்ல. கொழுப்பு ரத்தத்தில் விடும் செய்திகளே மூட்டுக்கு வந்து சேர்கின்றன.

இவ்வளவு தெரிந்தும் நோயை நிறுத்தும் மருந்து ஏன் இன்னும் இல்லை என்ற கேள்வி நியாயமானது. தோல்விகளைப் பார்த்தால் காரணம் ஓரளவு தெரியும். அடாம்ட்ஸ்-5 மரபணுவை நீக்கிய எலிகளின் குருத்தெலும்பு காப்பாற்றப்படுவதை 2005-ல் இரண்டு குழுக்கள் காட்டின, துறையே உற்சாகமானது. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரையை 932 நோயாளிகளுக்கு 52 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். முந்தைய சோதனைகளில் ரத்தத்திலுள்ள அக்ரிகான் துண்டுகளை அது தெளிவாகக் குறைத்திருந்தது, இலக்கு தப்பவில்லை. ஆனால் குருத்தெலும்பு மெலிவதும் வலியும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு இருந்தபடியேதான் இருந்தன. எலியில் நொதி பிறவியிலிருந்தே இல்லை. மனிதருக்கு மருந்து வந்தபோது கொலாஜன் ஏற்கெனவே அறுந்திருந்தது. என் கணிப்பில் பாதித் தோல்வி கால தாமதத்தினுடையது.

ஐஎல்-1 கதையும் காலத்தைப் பற்றியதே. அதைத் தடுக்கும் அனகின்ராவை 170 பேரின் முழங்காலில் ஒரே ஒரு ஊசியாகப் போட்டபோது பயன் தெரியவில்லை. அது சில மணி நேரத்தில் மூட்டைவிட்டு வெளியேறிவிடும் மருந்து. மாறாக, மாரடைப்பு வந்த 10,061 பேருக்கு இதய நலனுக்காக ஐஎல்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் வருடக்கணக்கில் தரப்பட்ட ஆய்வில், மூட்டு மாற்று அறுவை சுமார் 40 சதவீதம் குறைந்திருந்ததைப் பின்னால் கண்டார்கள். மூட்டுக்கென்று திட்டமிட்ட ஆய்வல்ல. எனவே முடிந்த முடிவாகக் கொள்ளக்கூடாது. ஆனாலும் மெல்லிய அழற்சியை நீண்ட காலம் அடக்குவது வேறு விஷயம் என்பதை உணர்த்துகிறது.

கட்டுமானப் பக்கத்தைத் தூண்டும் மருந்து ஸ்பிரிஃபெர்மின். இது எஃப்ஜிஎஃப்-18 என்ற வளர்ச்சிக் காரணி; எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற கட்டும் ஏற்பியை அதிகம் நாடுகிறது. 549 பேரில் நடந்த ஆய்வில் 100 மைக்ரோகிராம் அளவை ஆறு மாதத்துக்கு ஒரு சுற்றாகத் தந்தபோது, இரண்டு வருட முடிவில் போலி ஊசி பெற்றவர்களைவிடக் குருத்தெலும்பு 0.05 மில்லிமீட்டர் தடிமனாக இருந்தது. வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வலியை மட்டும் குறிவைத்த டனெசுமாப், நரம்பு வளர்ச்சிக் காரணியான என்ஜிஎஃப்-ஐத் தடுத்து வலியை நன்றாகவே குறைத்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2021-ல் அதன் தயாரிப்பு முயற்சி கைவிடப்பட்டது.

இன்று ஒருவர் செய்யக்கூடியதற்கும் இதே சமிக்ஞைக் கணக்குத்தான் வழிகாட்டி. 50 முறை முட்டியை மடக்கி எழுந்தால் முட்டிச் சில்லின் குருத்தெலும்பு சுமார் 6 சதவீதம் சுருங்குகிறது; முழுதாக மீள ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஒரேயடியாக ஒரு மணி நேரம் வதைப்பதைவிட, இடைவெளி விட்டுச் சிறு சிறு தவணையாகச் சுமை தருவது செல்லுக்கு ஏற்றது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுதல், சைக்கிள், சமதளத்தில் நடை: வாரத்தில் இரண்டு மூன்று நாள், குறைந்தது 8 முதல் 12 வாரம். பயிற்சியின்போது வலி பத்துக்கு ஐந்து வரை வரலாம். 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. இறங்காவிட்டால் அடுத்த முறை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பயிற்சியையே விட்டுவிடக் கூடாது. ஓட்டத்தைப் பற்றிப் பயப்படுபவர்களுக்கு ஒரு தொகுப்பாய்வின் கணக்கு: இடுப்பு, முழங்கால் ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2, போட்டிக்காக ஓடுபவர்களில் 13.3.

எடை குறைந்தால் சுமையும் குறைகிறது, செய்தியும் மாறுகிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் விசை சுமார் நான்கு கிலோ குறைகிறது. 2024-ல் வெளியான ஆய்வில், பருமனும் முழங்கால் வலியும் உள்ள 407 பேரில் செமாக்ளுடைடு என்ற எடை குறைக்கும் மருந்தைப் பெற்றவர்களின் எடை 68 வாரத்தில் 13.7 சதவீதம் இறங்கியது. நூற்றுக்கு அளக்கும் வலி அட்டவணையில் 41.7 புள்ளிகள் குறைந்தன. போலி மருந்துப் பிரிவில் 27.5.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் குளுகோசமைன், காண்ட்ராய்ட்டின் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1,583 பேரில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில் அவை போலி மாத்திரையை மொத்தத்தில் வெல்லவில்லை. செல்லிடம் மூலப்பொருள் பற்றாக்குறை இல்லை. அதற்கு வரும் உத்தரவுதான் தவறு. ஸ்டீராய்டு ஊசி சில வார நிவாரணத்துக்கு உதவும். ஆனால் டிரையம்சினோலோன் 40 மில்லிகிராமை 12 வாரத்துக்கு ஒரு முறை இரண்டு வருடம் போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு 0.21 மில்லிமீட்டர் குறைந்தது. உப்புநீர் ஊசி பெற்றவர்களுக்கு 0.10. வலியில் வித்தியாசமில்லை. வழக்கமாக்கிக்கொள்ளும் சிகிச்சை அல்ல அது.

முதிர்ந்த மூட்டின் செல்லால் இனி எதுவும் ஆகாது என்று கைகழுவவும் முடியாது. நெதர்லாந்தின் உட்ரெக்டில், மூட்டு மாற்று அறுவைக்குத் தகுதியான 60 வயதுக்கு உட்பட்ட 20 நோயாளிகளுக்குத் தொடை எலும்பிலும் முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பிலும் ஊசிகள் செலுத்தி, வெளிச்சட்டகம் பூட்டி, முழங்காலை 5 மில்லிமீட்டர் இழுத்துப் பிரித்து இரண்டு மாதம் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்து எம்ஆர்ஐயில் குருத்தெலும்பின் சராசரித் தடிமன் 2.4 மில்லிமீட்டரிலிருந்து 3.0 ஆகியிருந்தது, வலியும் குறைந்தது. ஊசி நுழைந்த இடங்களில் சீழ் பிடிப்பது இதில் அடிக்கடி நேரும் தொல்லை. முளைத்த திசு பழையதற்கு ஈடானதா என்பதும் விவாதத்தில் இருக்கிறது. அந்தச் சட்டகத்தின் கம்பிகளுக்குள் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். எலும்பும் எலும்பும் தொடாமலே, ஊன்றி நடக்கும் ஒவ்வோர் அடியிலும் மூட்டுத் திரவத்தின் அழுத்தம் ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக.